வண்ணம் துறந்த நாடகம்

அச்சு வந்ததும் ஏட்டுச் சுவடி ஒதுங்கியது. மின்விளக்கு வந்ததும் அகல் விளக்கு பூசையறையோடு நின்றது. புதியது வரும்போது பழையது விடைபெறுவது உலக வழக்கு. ஆயினும், ஒதுக்கப்பட்ட பழமைகளுள் சில காலம் கடந்து மீண்டு வருவதும் உண்டு. அவ்வாறு மீளும்போது அவை பழைய நிலையிலேயே வருவதில்லை. முன்பு வேறு வழியின்மையால் கையாளப்பட்டவை, பின்பு விரும்பித் தெரிந்தெடுக்கப்பட்டவையாக வருகின்றன. கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவின் வரலாறு இத்தகையது.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் 'ரிப்ளி' என்னும் தொலைக்காட்சி நாடகத்தை நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. எட்டுப் பகுதிகளைக் கொண்ட அந்நாடகத்தை எழுதி இயக்கியவர் ஸ்டீவன் செய்லியன். ஒளிப்பதிவாளர் ராபர்ட் எல்ஸ்விட். கதை பெரும்பாலும் இத்தாலியில் நிகழ்கிறது. அமால்ஃபிக் கடற்கரை, நேப்பிள்ஸ், ரோம், பலேர்மோ, வெனிஸ் எனக் கண்ணுக்கு விருந்தளிக்கும் இடங்கள் பல அதில் வருகின்றன. ஆனால், நீலக் கடலும் செந்நிற மாலையும் அந்நாடகத்தில் இல்லை. அனைத்தும் கறுப்பிலும் வெள்ளையிலும் அவற்றுக்கு இடைப்பட்ட சாம்பல் நிறங்களிலுமே காட்டப்படுகின்றன.

சிறுவர் கையிலுள்ள கைப்பேசியும் வண்ணப்படம் எடுக்கும் காலம் இது. இக்காலத்தில் பெரும்பொருள் செலவில் உருவான ஒரு நாடகம் வண்ணத்தை ஏன் துறந்தது? பழைய காலத்தைக் காட்டுவதற்கு என்று விடை கூறுவது எளிது. ஆனால் அது முழு விடை ஆகாது. கறுப்பு வெள்ளை எவ்வாறு ஒரு கலையாக வளர்ந்தது, தொலைக்காட்சியிலிருந்து எக்காரணத்தால் அகன்றது, எவர் வழியாக மீண்டது என்பனவற்றை வரிசையாக நோக்கினால்தான் முழு விடை கிடைக்கும்.

ஒளியின் இலக்கணம்

பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு சிவந்த கனி தொங்குகிறது. வண்ணப் படத்தில் கனி வேறு, இலை வேறு என்பது பார்த்த அளவிலேயே விளங்கும். கறுப்பு வெள்ளைப் படத்திலோ கனியும் இலையும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிடக் கூடும். அவற்றைப் பிரித்துக் காட்டும் பொறுப்பு ஒளிப்பதிவாளருடையது. கனியின் ஒரு பக்கத்தில் ஒளி படச் செய்து, மறு பக்கத்தை நிழலில் ஆழ்த்தி, பின்னாலிருந்து ஒரு விளக்கால் அதன் விளிம்பைத் துலக்கினால் கனி தனித்து நிற்கும். நிறம் செய்ய வேண்டிய பணியை ஒளி செய்ய வேண்டும். இதுவே கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவின் முதல் விதி.

தொடக்கக் காலத்துப் படச்சுருள் சிவப்பு நிறத்தை உணரும் ஆற்றல் அற்றது. அதில் சிவந்த உதடுகள் கறுத்துத் தோன்றின. நீல வானம் வெறும் வெண்மையாக வெளிறியது. எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருள் 1920களின் பிற்பகுதியில் பரவலான வழக்கிற்கு வந்தபின் நிலைமை மாறியது. ஒளிப்பதிவாளர் வில்லையின் முன் மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடியை வைத்து வானத்தைக் கறுக்கச் செய்யவும், முகில்களை வெண்மையாக எழச் செய்யவும் கற்றனர். இயற்கை அளித்த காட்சியை அப்படியே ஏற்காமல், எது கறுக்க வேண்டும், எது வெளுக்க வேண்டும் என்று தாமே முடிவு செய்தனர்.

தொலைக்காட்சி நாடகம் தோன்றியபோது இத்திறன் அங்கும் சென்றது. 1927ஆம் ஆண்டு வெளிவந்த 'மெட்ரோபோலிஸ்' என்னும் செருமானியப் படத்தின் ஒளிப்பதிவாளர்களுள் ஒருவரான கார்ல் ஃபிராயிண்டு, 1951இல் அமெரிக்காவில் 'ஐ லவ் லூசி' என்னும் நகைச்சுவைத் தொடருக்கு ஒளிப்பதிவு செய்தார். பார்வையாளர் முன்னிலையில் மூன்று படக்கருவிகள் ஒரே நேரத்தில் இயங்கின. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே விளக்கமைக்க இயலாது. ஆகவே அவர் விளக்குகளை மேலே தொங்கவிட்டு, அரங்கு முழுவதும் சீராக ஒளி பரவச் செய்தார். சுவர்களுக்கும் பொருள்களுக்கும் சாம்பல் நிறத்தின் பல படிகளையே பூசச் செய்தார். கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்த அவ்வரங்கு திரையில் துலக்கமாகத் தெரிந்தது. மக்கள் அரங்கில் கண்டது ஒன்று. படக்கருவி கண்டது மற்றொன்று.

1959 முதல் 1964 வரை வெளிவந்த 'டுவைலைட் சோன்' தொடரில் ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் கிளமென்ஸ் நிழலைக் கொண்டே அச்சத்தை எழுப்பினார். தொலைக்காட்சியின் கறுப்பு வெள்ளைத் திறன் திரைப்படத்திற்கே திரும்பிச் சென்றதும் உண்டு. ஆல்ஃபிரட் ஹிட்சுகாக் 1960இல் 'சைக்கோ' படத்தை எடுத்தபோது, தம் தொலைக்காட்சித் தொடரில் பணியாற்றிய ஜான் ரசலையே ஒளிப்பதிவாளராக அமர்த்தினார். அப்படத்தின் குளியலறைக் கொலைக் காட்சியில் ஓடிய குருதி உண்மையில் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளையில் அதன் கருமையே குருதியின் கருமையாயிற்று. காண்போரின் மனம் இல்லாத சிவப்பைத் தானே நிரப்பிக்கொண்டது. காண்பவரையும் படைப்பில் பங்குகொள்ளச் செய்வது இக்கலையின் இயல்பு என்பதற்கு இது தக்க சான்று.

வண்ணத்தின் வருகை

கறுப்பு வெள்ளை தன் ஆற்றல் குன்றியதால் தொலைக்காட்சியை விட்டு அகன்றதா என்றால், வரலாறு அவ்வாறு கூறவில்லை. அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சி முறைக்கு 1953ஆம் ஆண்டு டிசம்பரில் அரசின் ஒப்புதல் கிடைத்தது. 1954ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் நடந்த மலர் ஊர்வலம் வண்ணத்தில் ஒளிபரப்பாயிற்று. அதனை ஒளிபரப்பிய என்.பி.சி. நிறுவனம், தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செய்து விற்ற ஆர்.சி.ஏ. நிறுவனத்திற்கு உரியது. 1954இல் ஆர்.சி.ஏ. விற்ற வண்ணப் பெட்டியின் விலை ஏறத்தாழ 1,000 டாலர். அவ்வளவு விலை கொடுத்துப் பெட்டியை வாங்குவோருக்கு வண்ணத்தில் பார்ப்பதற்கு ஏதேனும் இருத்தல் வேண்டும். 1959இல் 'பொனான்சா' போன்ற தொடர்கள் வண்ணத்தில் எழுந்தமைக்கு இவ்வணிகத் தேவையும் ஒரு காரணம்.

1966ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் மூன்று பெரும் ஒளிபரப்பு நிறுவனங்களும் தம் மாலை நேர நிகழ்ச்சிகளை முற்றும் வண்ணத்திற்கு மாற்றின. 'ஃபியூஜிட்டிவ்' என்னும் தொடரின் வரலாறு இம்மாற்றத்தை நன்கு காட்டும். செய்யாத கொலைக்குப் பழி சுமந்து ஓடும் மருத்துவர் ஒருவரின் கதை அது. 1963இல் தொடங்கிய அத்தொடரின் 120 பகுதிகளுள் முதல் 90 பகுதிகள் கறுப்பு வெள்ளை. இறுதி ஆண்டின் 30 பகுதிகள் வண்ணம். கதை மாறவில்லை, நாயகன் மாறவில்லை, சந்தை மாறியது.

மற்ற நாடுகளும் அவ்வழியே சென்றன. பிரிட்டனில் பி.பி.சி. 1967இல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. சிங்கப்பூரில் 1974இலும், மலேசியாவில் 1978இலும், இந்தியாவில் 1982இலும் வண்ணம் வந்தது. ரிப்ளியின் கதை நிகழும் இத்தாலியில் முறையான வண்ண ஒளிபரப்பு 1977இல்தான் தொடங்கியது. திரைப்படத் துறையிலும் இதே நிலை ஏற்பட்டது. ஆஸ்கார் விருதுக் குழு கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கென நெடுங்காலம் தனிப் பரிசு வழங்கி வந்தது. 1966ஆம் ஆண்டுப் படங்களுக்குப் பின் அப்பரிசு நீக்கப்பட்டு, இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. அத்தனிப் பரிசை இறுதியாகப் பெற்றவர் 'வர்ஜீனியா உல்ஃப்பைக் கண்டு யாருக்கு அச்சம்?' என்னும் பொருள்படும் தலைப்புடைய படத்தின் ஒளிப்பதிவாளர் ஹாஸ்கல் வெக்ஸ்லர்.

1980களில் இன்னொரு சோதனையும் வந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணிப்பொறியின் துணையால் வண்ணம் பூசி, அவற்றைத் தொலைக்காட்சிக்கு விற்கத் தொடங்கினர். இயக்குநர் பலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்களுள் ஒருவர் ஜான் ஹியூஸ்டன். அவர் 1950இல் இயக்கிய 'அஸ்ஃபால்ட் ஜங்கிள்' படத்திற்கு வண்ணம் பூசியதை எதிர்த்து, அவர் மறைவுக்குப் பின் அவருடைய வாரிசுகள் பிரான்சில் வழக்குத் தொடுத்தனர். படைத்தவரின் தார்மிக உரிமையை மதிக்க வேண்டும் என்று 1991இல் அந்நாட்டின் உச்ச முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்பு வெள்ளை என்பது நிறைவு பெறாத வண்ணப்படம் என்ற எண்ணத்திற்கு அத்தீர்ப்பு ஒரு தடை இட்டது. எந்த நிழல் எங்கே விழ வேண்டும் என்று ஒருவர் எண்ணி அமைத்த படத்தில் பிறர் நிறம் பூசுவது, வெண்பாவில் சீர் போதவில்லை என்று எண்ணிச் சொற்களைச் செருகுவது போன்றதே.

இடையிடையே எழுந்த முயற்சிகள்

வண்ணம் முழு ஆட்சி பெற்ற பின்னரும் தொலைக்காட்சி நாடகங்களில் கறுப்பு வெள்ளை அவ்வப்போது தலைகாட்டியது. 1985ஆம் ஆண்டு அக்டோபரில் 'மூன்லைட்டிங்' என்னும் தொடரின் ஒரு பகுதியில், 1940களில் நிகழ்வதாக அமைந்த கனவுக் காட்சிகள் கறுப்பு வெள்ளையில் வெளிவந்தன. அக்காட்சிகளைக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளிலேயே எடுத்தனர். வண்ணச் சுருளில் எடுத்து நிறத்தை நீக்கினால், ஒளிபரப்பு நிறுவனம் பின்னொரு நாள் அதை வண்ணத்திலேயே வெளியிட்டுவிடக் கூடும் என்ற அச்சமே காரணம். அப்பகுதிக்கு முன்னுரை கூறித் தோன்றியவர் ஆர்சன் வெல்ஸ். ஒளிபரப்பாவதற்குச் சில நாள்களுக்கு முன் அவர் காலமானார்.

1997இல் 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் ஒரு பகுதி, 1931ஆம் ஆண்டின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தை நினைவூட்டும் வகையில் கறுப்பு வெள்ளையில் அமைந்தது. 2021இல் வெளிவந்த 'வாண்டாவிஷன்' தொடரின் முதலிரு பகுதிகள் பழைய நகைச்சுவைத் தொடர்களைப் போலக் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டன. 2015 முதல் 2022 வரை வந்த 'பெட்டர் கால் சால்' தொடர் ஒரு புதுமையைச் செய்தது. கதாநாயகனின் கடந்த காலம் வண்ணத்திலும், பெயரை மறைத்து நெப்ராஸ்கா மாநிலத்தில் அவன் ஒடுங்கி வாழும் பிற்காலம் கறுப்பு வெள்ளையிலும் காட்டப்பட்டன. பழமைக்குக் கறுப்பு வெள்ளை என்னும் வழக்கு அங்கே தலைகீழாயிற்று.

இம்முயற்சிகள் அனைத்தும் பாராட்டத்தக்கவையே. எனினும் இவற்றில் கறுப்பு வெள்ளை ஒரு குறியீடாக நின்றது. கனவு, பழைய படம், வாழ்வின் வறட்சி என ஒவ்வொன்றும் அருகிலிருந்த வண்ணத்தோடு ஒப்பிடப்பட்டே பொருள் தந்தது. ரிப்ளி நாடகம் இவற்றினின்று வேறுபடுகிறது. எட்டுப் பகுதிகளின் கதை முழுவதையும் அது கறுப்பு வெள்ளையிலேயே நடத்திச் செல்கிறது. சிறிது நேரத்தில் காண்பவர் வண்ணம் இல்லை என்பதையே மறந்து, ஒளியை மட்டும் பார்க்கப் பழகிவிடுகின்றனர்.

ஒரு கதை, மூன்று வடிவம்

பாட்ரிசியா ஹைஸ்மித் என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 1955இல் வெளியிட்ட புதினத்திலிருந்து பிறந்ததே இந்நாடகம். நியூயார்க்கில் சிறு ஏமாற்று வேலைகள் செய்து பிழைக்கும் டாம் ரிப்ளி என்பவன், இத்தாலியில் தங்கிவிட்ட டிக்கி கிரீன்லீஃப் என்னும் செல்வர் மகனைத் திரும்ப அழைத்து வருமாறு அவன் தந்தையால் அனுப்பப்படுகிறான். அங்கே டிக்கியின் வாழ்வைக் கண்டு அதன்மீது வேட்கை கொள்கிறான். டிக்கியைக் கொன்று, அவன் பெயரையும் பணத்தையும் தனதாக்கிக்கொள்கிறான்.

இக்கதை முதலில் 1960இல் பிரெஞ்சு மொழியில் படமாயிற்று. ரெனே கிளமான் இயக்க, அலன் டெலோன் நடித்த அப்படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர் ஆன்றி தெக்கே. 1999இல் அந்தோணி மிங்கெல்லா இதனை மீண்டும் படமாக்கினார். அதன் ஒளிப்பதிவாளர் ஜான் சீல். இரண்டுமே வண்ணப் படங்கள். இரண்டிலும் நடுநிலக் கடலின் நீலமும் வெயிலின் பொன்னிறமும் நிறைந்துள்ளன.

இங்கே ஒரு முரண் நோக்கத்தக்கது. கறுப்பு வெள்ளைப் படங்கள் பெருமளவில் வெளிவந்துகொண்டிருந்த 1960இல் இக்கதை வண்ணத்தில் எடுக்கப்பட்டது. வண்ணம் தவிர வேறெதையும் எவரும் எதிர்பாராத 2024இல் கறுப்பு வெள்ளையில் வெளிவந்தது. ஆகவே காலத்தின் கருவிகள் மட்டுமே ஒரு படைப்பின் வடிவத்தை முடிவு செய்வதில்லை. கதையில் எதைக் காண வேண்டும் என்று படைப்பாளர் விரும்புகிறாரோ, அதுவே வடிவத்தை முடிவு செய்கிறது. முதலிரு படங்களும் ரிப்ளி எதற்கு ஆசைப்பட்டான் என்பதைக் காட்டின. அந்த அழகிய வாழ்வைக் காண்பவரும் விரும்புவதற்கு வண்ணம் துணை செய்தது. மூன்றாவது வடிவமோ, அவன் என்ன செய்தான் என்பதையும், செய்தபின் எவ்வாறு ஒளிந்தான் என்பதையும் காட்ட விழைந்தது. அதற்கு நிழல் தேவைப்பட்டது.

கைம்மாறி வந்த திறன்

இத்திறன் செய்லியனுக்கும் எல்ஸ்விட்டுக்கும் திடீரென வாய்த்ததன்று. 1993இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஷிண்ட்லரின் பட்டியல்' பெரும்பகுதி கறுப்பு வெள்ளையில் அமைந்த படம். அதற்குத் திரைக்கதை எழுதி ஆஸ்கார் பரிசு பெற்றவர் செய்லியன். 2005இல் ஜார்ஜ் குளூனி இயக்கிய 'குட் நைட் அண்ட் குட் லக்' என்னும் கறுப்பு வெள்ளைப் படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர் எல்ஸ்விட். 1950களில் எட்வர்ட் மர்ரோ என்னும் தொலைக்காட்சிச் செய்தியாளர், செனட்டர் மெக்கார்த்தியின் அடக்குமுறையை எதிர்த்து நின்ற வரலாறு அப்படத்தின் பொருள். மெக்கார்த்தியாக நடிக்க எவரையும் அமர்த்தாமல், அவருடைய பழைய செய்திப் படங்களையே அதில் பயன்படுத்தினர். புதிதாக எடுத்த காட்சிகள் அப்பழைய படங்களோடு இசைந்து நிற்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சி கைவிட்ட ஒளிப்பதிவு முறையை, தொலைக்காட்சியின் பழைய வரலாற்றைச் சொல்லும் ஒரு திரைப்படத்தின் வழியாக எல்ஸ்விட் பயின்றார் எனலாம்.

புதினத்தை நாடகமாக்கும் காலத்தில் தம் மேசைமீதிருந்த பதிப்பின் அட்டையில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருந்ததாகவும், எழுதும்போது அப்படமே மனத்தில் நின்றதாகவும் செய்லியன் கூறியுள்ளார். மேலும், கதை நிகழும் 1960களின் தொடக்கம் இத்தாலியத் திரைப்படத்தின் பொற்காலம். ஃபெல்லினியின் 'லா டோல்சே வீட்டா' 1960இலும், அண்டோனியோனியின் 'லா நோட்டே' 1961இலும் கறுப்பு வெள்ளையில் வெளிவந்தன. அக்கால இத்தாலியை உலகம் நினைவில் வைத்திருப்பதே பெரிதும் இப்படங்களின் வழியாகத்தான்.

இந்நாடகம் படச்சுருளில் எடுக்கப்பட்டதன்று. மின்னிலக்கப் படக்கருவியால் எடுக்கப்பட்டது. எனினும் பழைய இலக்கணம் மாறவில்லை. அன்று வில்லையின் முன் வைத்த நிறக்கண்ணாடி செய்த பணியை, இன்று எந்த நிறம் எந்த அளவுச் சாம்பலாக மாற வேண்டும் என்று கணிப்பொறியில் முடிவு செய்து நிறைவேற்ற இயலும். ஆனால் விளக்கை எங்கே வைப்பது, எந்தச் சன்னலை மூடுவது, எப்பொழுதில் படம் எடுப்பது என்பனவற்றைக் கணிப்பொறி முடிவு செய்ய இயலாது. கருவி புதிது, கண் பழையது.

நிழலில் ஒளிந்த குற்றம்

நாடகத்தின் முதற்பகுதிகள் அமால்ஃபிக் கடற்கரையிலுள்ள அத்ரானி என்னும் சிற்றூரில் நிகழ்கின்றன. மலைச்சரிவில் அமைந்த அவ்வூர் முழுவதும் படிக்கட்டுகள். டாம் அப்படிகளில் மூச்சிரைக்க ஏறும் காட்சி மீண்டும் மீண்டும் வருகிறது. வண்ணத்தில் அவை அழகிய ஊரின் அழகிய படிகளாக மட்டுமே தோன்றியிருக்கும். கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு படியும் ஒரு வெள்ளைக் கோடு, ஒரு கறுப்புக் கோடு என மாறி, முடிவற்ற ஏணிபோல் நிற்கிறது. தன் நிலைக்கு மேலான வாழ்வை நோக்கி ஏறத் துடிக்கும் ஒருவனின் மனத்தை அப்படிகளே உரைத்துவிடுகின்றன.

ரோம் நகரில் டிக்கியின் நண்பன் ஃபிரெடியை டாம் கண்ணாடிச் சாம்பல் கிண்ணத்தால் அடித்துக் கொல்கிறான். பிறகு அப்பேருடலைப் படிக்கட்டு வழியாக இறக்கி வெளியே கொண்டு செல்ல அவன் படும் பாடு நெடுநேரம் காட்டப்படுகிறது. குருதி கருமையாகத்தான் தெரிகிறது. ஒரு கணம் மட்டும், அக்கட்டடத்தில் வாழும் பூனை பதித்துச் சென்ற குருதிக் காலடித் தடங்கள் சிவந்து தோன்றி மறைகின்றன. 'ஷிண்ட்லரின் பட்டியல்' படத்தில் ஒரு சிறுமியின் மேலங்கி மட்டும் சிவந்து தோன்றியதை நினைவில் கொண்டோருக்கு, அதே எழுத்தாளரின் கை இங்கும் இருப்பது விளங்கும். அங்கே சிவப்பு இரக்கத்தை எழுப்பியது. இங்கே அது சாட்சியாகிறது.

இந்நாடகத்தில் கரவாஜியோ என்னும் இத்தாலிய ஓவியருக்குச் சிறப்பான இடம் உண்டு. 1571இல் பிறந்து 1610இல் மறைந்த அவர், இருளிலிருந்து மனித உருவங்களை ஒளியால் வெளிக்கொணரும் ஓவிய முறையில் தலைசிறந்தவர். 1606இல் ரோம் நகரில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடி, நேப்பிள்ஸ், மால்டா, சிசிலி என அலைந்தவரும் அவரே. நேப்பிள்ஸ் நகரின் தேவாலயமொன்றில் அவர் வரைந்த 'கருணையின் ஏழு செயல்கள்' என்னும் ஓவியத்தை டாம் வியந்து நோக்குகிறான். வண்ண ஓவியமாகிய அது கறுப்பு வெள்ளையில் காட்டப்பட்டும் தன் ஆற்றலை இழக்கவில்லை. அதன் உயிர் ஒளியமைப்பில் உள்ளது என்பது அப்போது புலப்படுகிறது.

அவ்வோவியங்கள் கதையில் அலங்காரமாக நின்றுவிடவில்லை. ரோமில் ரவீனி என்னும் காவல்துறை ஆய்வாளர் டாமைச் சந்திக்கிறார். அங்கே அவன் தன்னை டிக்கி என்று கூறிக்கொள்கிறான். பின்னர் வெனிஸ் நகரில் அதே ஆய்வாளர் டாம் ரிப்ளியை விசாரிக்க வருகிறார். ஒரே மனிதன் இருவராக நிற்க வேண்டிய இக்கட்டு. டாம் மாறுவேடம் புனைகிறான். அதனோடு நில்லாமல், அறையின் விளக்குகளையும் சீர்செய்து, தன் முகம் பாதி இருளில் இருக்குமாறு அமர்கிறான். கரவாஜியோவிடம் கற்ற பாடத்தைக் குற்றவாளி கையாள்கிறான். ஆய்வாளர் ஏமாறுகிறார்.

கறுப்பு வெள்ளையைத் தெரிந்தெடுத்தமைக்கு உண்மைக் காரணம் இங்கேதான் உள்ளது. ஏழு பகுதிகளாக ஒளியையும் நிழலையும் மட்டுமே கண்டு பழகியவருக்கு, ஒரு முகம் நிழலில் மறையக்கூடும் என்பது நம்பத்தக்கதாகிறது. ஒளிப்பதிவாளரின் கருவியாகிய ஒளி, கதைமாந்தனின் கருவியாகவும் ஆகிவிடுகிறது. வண்ண நாடகத்தில் இக்காட்சி நம்பத் தகாத சூழ்ச்சியாகவே தோன்றியிருக்கும்.

நாடகத்தின் முடிவும் இதற்கு இயைந்ததே. டிக்கியின் தோழி மார்ஜ் எழுதி வெளியிட்ட நூல் ஆய்வாளருக்கு வந்து சேருகிறது. அதில் உண்மையான டிக்கியின் புகைப்படம் இருக்கிறது. தாம் டிக்கி என்று எண்ணியவன் வேறொருவன் என்பதை அவர் அப்போதே உணர்கிறார். நிழலால் மறைக்கப்பட்ட உண்மையை ஒரு புகைப்படம் வெளிப்படுத்திவிடுகிறது.

மறுப்பும் மதிப்பும்

விமரிசகர் எல்லாரும் இதனை ஏற்றனர் என்று கூறுவதற்கில்லை. இத்தாலியின் வெயிலையும் இளமையின் களிப்பையும் இந்நாடகம் இழந்துவிட்டது என்றும், கதை மிக மெதுவாக நகர்கிறது என்றும் குறை கூறியோர் உண்டு. டாம் எதனை விரும்பினான் என்பது காண்பவருக்குத் தோன்றாவிடில், அவன் கொலைக்குக் காரணம் எப்படி விளங்கும் என்னும் வினா நியாயமானதே. வண்ணத்தைத் துறந்தவர் அதனால் வரும் இழப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். செய்லியன் அவ்விழப்பை அறிந்தே ஏற்றார். எந்தக் கலை வடிவமும் எல்லாவற்றையும் ஒருங்கே தந்துவிடுவதில்லை.

கறுப்பு வெள்ளையில் எடுத்த ஒன்றினாலேயே ஒரு படைப்பு உயர்ந்ததாகிவிடும் என்று கருதுவதும் பிழை. ஒளியைப் பற்றிய சிந்தனை இன்றி வண்ணத்தை மட்டும் நீக்கினால் எஞ்சுவது வெளிறிய படமே. ரிப்ளி நாடகம் 2024ஆம் ஆண்டின் எம்மி விருதுகளில், குறுந்தொடர் பிரிவில் சிறந்த இயக்கத்திற்குச் செய்லியனுக்கும், சிறந்த ஒளிப்பதிவிற்கு எல்ஸ்விட்டுக்கும் பரிசுகள் பெற்றுத் தந்தது. நிறத்தை நீக்கியதற்காக அப்பரிசு கிடைத்ததன்று. நிறத்தின் இடத்தில் அவர்கள் வைத்த உழைப்பிற்காகக் கிடைத்தது.

இவ்வரலாறு மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உணர்த்துவது ஒன்றுண்டு. 1966இல் சந்தையின் தேவையால் ஒரு கலைத்திறன் தொலைக்காட்சியிலிருந்து வெளியேறியது. அது அழிந்துபோகாமல் நின்றதற்குக் காரணம், வேறிடத்தில் அதனைப் பயின்றும் பயிற்றியும் வந்த சிலர். இலாபம் தராத காலத்திலும் அத்திறனை அவர்கள் கைவிடவில்லை. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு கதை அதனைக் கேட்டு வந்தபோது, கொடுப்பதற்குக் கை இருந்தது. பயன் இன்று தெரியவில்லை என்பதற்காக ஒரு திறனையோ ஒரு மொழியையோ பாடத்திட்டத்திலிருந்து நீக்க முற்படுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாளை அதனைத் தேடி வருபவர் எவர் என்பதை இன்று எவரும் அறியார். கற்றுக்கொடுப்பவர் ஒருவர் எஞ்சியிருப்பாராயின், அது போதும்.